செத்த பிறகும் ‘நலம்’ என்று சொல்லும் மென்பொருள்

கடல்நிலை முன்னறிவிப்பை இறக்கித் தரும் கட்டளைவரி மென்பொருளைப் பராமரிக்கும் குழுவினருக்கு, பாம்பனிலிருந்து வணக்கம்.

இலவசமாகத் தருகிறீர்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. இந்த மடல் எதற்கென்று உங்களுக்கே தெரியும். தோற்றுப்போனாலும் உங்கள் மென்பொருள் ‘வெற்றி’ என்றே சொல்கிறது என்ற எங்கள் புகாரை ‘இது பழுதல்ல’ என்று எழுதி மூடியவர்கள் நீங்கள்தானே.

சென்ற வாரம், விடிவதற்கு வெகுநேரம் முன்பு, உங்கள் மென்பொருள் சர்வரை எட்ட முடியாமல் விழுந்தது. விழட்டும், இந்தக் கரையில் நெட்வொர்க் போவது புதிதல்ல. சிவப்பு எழுத்தில் ‘மீள முடியாத பிழை’ என்று அச்சிட்டது. அதோடு எக்சிட் கோடாக, அதாவது முடியும்போது தன்னை இயக்கியவருக்கு விட்டுச்செல்லும் எண்ணாக, 0 கொடுத்துவிட்டுப் போனது. 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி என்பது வழக்கம். அதை இயக்கியது, முன்னறிவிப்பைக் கரையில் ஒலிபெருக்கியில் வாசிக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான்தான் அதை எழுப்பிவிடும். ஸ்கிரிப்டுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. 0 வந்தால் வெற்றி. எனவே அது முந்தைய நாள் கோப்பையே எடுத்து, ‘தென்கடலில் காற்று குறைவு’ என்று ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டது.

கச்சான் காற்று ஏறியடித்த காலை அது. நாட்டுப்படகுகள் குருசடைத் தீவைத் தாண்டுவதற்குள் திரும்பிவிட்டன. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் வாங்கிய ஐஸ் கரைந்தது, டீசல் எரிந்தது, அன்றைய கூலி போனது. ஒரு பெரியவர் நனைந்த வலையை மணலில் இறக்கிவிட்டு, இனி வானத்தைப் பார்த்தே போய்க்கொள்கிறேன் என்றார். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டை ஏற்றாமல் அலுவலக நோட்டில் சிவப்பு மையால் ‘புயல்’ என்று எழுதி வைத்தால் படகுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

கோப்பின் தேதியைச் சரிபார்க்கச் சொன்னீர்கள். இப்போது பார்க்கிறோம். ஆனாலும் தோற்றதைத் தோற்றவர்தானே முதலில் சொல்ல வேண்டும்? கோப்புக்குள் சொல்லைத் தேடித் தரும் பழைய கிரெப் கட்டளை கூட, தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழையென்றால் 2 என்று பிரித்துச் சொல்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தோற்றால் 0 தராதீர்கள். சர்வர் எட்டாத தற்காலிகத் தோல்விக்கு 75, தவறான ஆப்ஷனுக்கு 64 என்று, எக்சிட் கோடுகளுக்கான சிஸ்எக்ஸிட்ஸ் என்ற பட்டியலிலேயே எண்கள் இருக்கின்றன. 75 வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வோம். அவ்வளவு நுணுக்கம் வேண்டாமென்றால் வெறும் 1 போதும்.

பிழைகளின் எண்ணிக்கையையே எக்சிட் கோடாகத் தரலாம் என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னாராம். அருள்கூர்ந்து வேண்டாம். அங்கே இருப்பது 8 பிட் இடம்; 0 முதல் 255 வரைதான் கொள்ளும், தாண்டினால் மீண்டும் 0-இலிருந்து தொடங்கும். சரியாக 256 பிழை வந்தால் மறுபடியும் 0, மறுபடியும் வெற்றி! போன வெளியீட்டில், இறக்கம் நடக்கும்போது திரையில் ஒரு மீன் நீந்தும்படி செய்தீர்கள். அழகுதான். எங்களுக்கு மீன் வலையில் விழுந்தால் போதும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூடிய புகாரைத் திறந்து, தோற்றால் 0 தராத ஒரு வெளியீட்டைத் தாருங்கள். பிழைச் செய்தியை, அதற்கென்றே உள்ள தனி வழியான ஸ்டாண்டர்டு எரருக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. பழைய வழக்கத்தை நம்பியிருப்பவர்களுக்குத் தனி ஆப்ஷன் வைத்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்துச் சொல்ல நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பாம்பன் தென்கடல் கரையிலிருந்து ஒரு பயனர்