நிறுக்காமல் ஏற்றிய நெல்லும் நிறைக்கு அறவிட்ட கூலியும்: முறைப்பாடு

கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.
2025.04.02

பொது முகாமையாளர் அவர்கட்கு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா,

கடந்த பெப்ரவரி 24ஆம் திகதி பொருட்களை லொறியில் ஏற்றி அனுப்பும் தங்கள் நிறுவனத்தின் மட்டக்களப்புக் களஞ்சியத்திலிருந்து மரந்தகஹமுலவில் உள்ள அரிசி ஆலைக்கு அனுப்பிய 150 மூடை நாட்டு நெல் தொடர்பாகத் தங்கள் கிளைக்கும் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மாறி மாறி எழுதியும் நேரில் அலைந்தும் களைத்துப்போன பின்னரே இக்கடிதத்தைத் தங்களுக்கு நேரடியாக அனுப்புகிறேன். பொறுமையாக வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வெறும் லொறியை முதலில் நிறுத்து, பாரம் ஏற்றியபின் மீண்டும் நிறுத்து, வித்தியாசத்துக்கு மட்டும் கிலோவுக்கு 6 ரூபா அறவிடுவது தங்கள் நிறுவனமே வகுத்த முறையாதலால் அதை நான் விளக்கத் தேவையில்லை. அன்று தங்கள் மேற்பார்வையாளர், தராசு பழுது என்று சொல்லி, பச்சைச் சீட்டின் நிறைக் கட்டத்தில் 10,000 என்று பேனையால் எழுதினார். நிறுக்காமல் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, “நம்பிக்கை இல்லையென்றால் நெல்லை இறக்கிக்கொண்டு போங்கள்” என்றார். எங்கள் நெல்லை ஏற்றிய லொறி வாசலைத் தாண்டியதும் சீமெந்து ஏற்றிய வேறொரு லொறி அதே தராசில் ஏறி நின்றது. அதன் சாரதி அச்சடித்த நிறுவைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததை நான் அங்கேயே நின்று பார்த்தேன்.

இந்த நெல் என் ஒருவனுடையதன்று. எங்கள் வயற்கண்டத்துக் குடும்பங்கள் பல சேர்ந்து அனுப்பியது. வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையின் முன்னிலையில் மூடைக்கு 65 கிலோவாக நிறுத்துக் கட்டிய 9,750 கிலோவும் கொப்பியில் பதியப்பட்டுள்ளது. ஆலையில் இறக்கி நிறுத்தபோது இருந்தது 9,240 கிலோ. மூடைகள் 150உம் சரியாக இருந்தன. ஆனால் நாங்கள் சணல் நூலால் தைத்து அனுப்பியவற்றில் 34 சாக்குகளின் வாய் நீல நைலோன் நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஆலைக்காரர் இதைத் தங்கள் விநியோகச் சீட்டிலேயே குறித்துக் கையொப்பமிட்டுள்ளார்.

இதற்குத் தங்கள் வாடிக்கையாளர் பிரிவு அனுப்பிய பதில், வழியில் நெல் காய்ந்து நிறை குறைந்திருக்கும் என்பது. 14 சதவீத ஈரப்பதனுக்குக் காயவைத்துக் கட்டிய நெல், படங்கு போட்டு மூடிய லொறியில் ஓர் இரவுக்குள் 510 கிலோ இழப்பதென்றால் ஈரப்பதன் ஏறத்தாழ 9 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு காய்ந்த நெல்லைக் குற்றினால் பெரும்பகுதி உடைந்து குறுணியாகத்தான் விழும். இந்த நெல் நல்ல முழு அரிசியாக வந்ததாக ஆலைக்காரரே சொல்கிறார்.

எல்லாவற்றையும் விட என்னை நோகடித்தது தலைமை அலுவலகத்தில் நடந்ததுதான். கடிதங்களுக்குப் பயன் இல்லாததால் உதயதேவி புகையிரதத்தில் கொழும்புக்கு வந்து, மாலை வரை வரவேற்பறையில் காத்திருந்தேன். கடைசியில் வந்த அதிகாரி, நிறுவைச் சீட்டு இல்லாமல் முறைப்பாட்டை ஏற்க முடியாது என்றார். அந்தச் சீட்டைத் தர மறுத்ததே தங்கள் ஆட்கள்தான் என்று சொன்னபோது, “நெல்லைக் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்டுச் சக ஊழியர்களைப் பார்த்துச் சிரித்தார். தகப்பன் வயதில் இருக்கும் ஒரு விவசாயியிடம் பேசும் பேச்சா இது? அவர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஐயா, தாங்கள் நியாயமாக யோசித்துப் பாருங்கள். நிறுக்கவில்லை, ஆகவே குறைவுக்குப் பொறுப்பில்லை என்றால், 10,000 கிலோவுக்கு 60,000 ரூபா எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்? கூலி வாங்கும்போது நிறை தெரிகிறது, நட்டம் என்றதும் தெரியாமல் போகிறதா?

அரசு இவ்வாண்டு அறிவித்த கிலோ 120 ரூபாப்படி பார்த்தாலே குறைந்த 510 கிலோ நெல்லின் பெறுமதி 61,200 ரூபா. மிகையாக வாங்கிய கூலி 1,500 ரூபா. ஆனால் இழப்பு அத்துடன் நிற்கவில்லை. சிறுபோகத்துக்கு உரம் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று, ஆலைக்காரரிடம் எங்களுக்கிருந்த பெயர் போயிற்று, எங்கள் படுவான்கரைப் பகுதியில் இனி என்னை நம்பி ஒரு மூடை தருவாரில்லை. ஐந்து இலட்சம் ரூபா தந்தாலும் இது ஈடாகாது.

தங்களுடன் பகை வளர்க்க எனக்கு விருப்பமில்லை. பதினான்கு நாட்களுக்குள் 62,700 ரூபாவைத் திருப்பித் தந்து மேலே கேட்ட மன்னிப்பையும் அனுப்பினால் நன்றியுடன் முடித்துக்கொள்வேன். தவறினால், சேவை கிடைத்து மூன்று மாதங்களுக்குள் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடமளிப்பதால், மே 24க்கு முன்னரே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செல்வேன். தங்கள் தராசையும் அதன் முத்திரையையும் பரிசோதிக்குமாறு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கும் எழுதுவேன்.

பெப்ரவரி 24ஆம் திகதிக்குரிய தராசுப் பதிவுகளை எவரும் அழிக்காதபடி இன்றே பாதுகாக்குமாறும், அந்தச் சீமெந்து லொறிக்கு வழங்கிய நிறுவைச் சீட்டின் பிரதியைப் பதிலுடன் இணைக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கண்டத்து விவசாயிகள் சார்பில்

இணைப்பு: பச்சைச் சீட்டு, ஆலைக்காரரின் குறிப்புடன் விநியோகச் சீட்டு, கூலிப் பற்றுச்சீட்டு, வட்டவிதானையின் கொப்பிப் பக்கம் ஆகியவற்றின் பிரதிகள்