74ல கச்சத்தீவு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்போ உலகத்துல என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாம்பன் பொண்ணு, டெல்லியில எம்.ஏ. இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிக்கிறேன், முனிர்காவுல மூணு பேரு சேர்ந்து ரூம் எடுத்து தங்கியிருக்கோம். உங்க பேப்பர நான் இங்க போன்ல படிக்கிறேன், எங்கப்பா அங்க டீக்கடையில படிக்கிறாரு, அந்த உரிமையிலதான் எழுதுறேன்.

கச்சத்தீவு பத்தி மறுபடி ஒரு செய்தி வந்தன்னைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணாரு. "ஏம்மா, நீ இதத்தான படிக்கிற, அத எதுக்குத்தான் இலங்கைக்கு குடுத்தாங்க?"ன்னு கேட்டாரு. அவருக்கு அத பத்தி தெரியாதது இல்ல, 285 ஏக்கரு, அந்தோணியார் கோயிலு, போக வர விசா வேணாம்னு 74ல எழுதுனது, அப்புறம் 76ல அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாதுன்னு லெட்டர் எழுதிக்கிட்டது, எல்லாம் விரல் நுனியில வச்சிருக்காரு. யாரு கையெழுத்து போட்டாங்க, யாரு சும்மா இருந்தாங்கன்னுதான் அம்பது வருஷமா படிக்கிறோம், ஏன்ங்கற கேள்விக்கு மட்டும் யாருமே அவருக்கு பதில் சொல்லல.

நான் 1971ல இருந்து ஆரம்பிச்சேன். ஜூலைல அமெரிக்க அதிபரோட ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தான்ல இருந்து யாருக்கும் தெரியாம பீஜிங் போயிட்டு வர்றாரு, அமெரிக்காவும் சீனாவும் நெருங்குதுன்னு தெரிஞ்சதும் ஆகஸ்ட்ல நாம சோவியத் யூனியனோட ஒப்பந்தம் போடுறோம், டிசம்பர்ல பாகிஸ்தானோட போர், அமெரிக்காவோட எண்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வருது. அதே வருஷம் நாம வான்வழிய மூடுனதும் பாகிஸ்தான் விமானங்க கொழும்புல எறங்கி பெட்ரோல் போட்டுட்டுதான் அப்போ கிழக்கு பாகிஸ்தான்ல இருந்த டாக்காவுக்கு போச்சு. இதுக்கப்புறம் கொழும்பு நம்ம பக்கம் இருக்கணும்னு டெல்லி நெனைக்குமா நெனைக்காதா? தெற்க இந்தியப் பெருங்கடல்ல டியாகோ கார்சியா தீவுல அமெரிக்கா தளத்த பெருசாக்குது, 1974 மே 18 பொக்ரான்ல அணுகுண்டு சோதனை, அடுத்த மாசமே கச்சத்தீவு ஒப்பந்தம். இது மட்டும்தான் காரணம்னு சொல்லவே மாட்டேன், ராமநாதபுரம் சேதுபதி ராஜா காலத்து ஆவணங்க, எல்லைக்கோடு பேச்சுவார்த்தைன்னு அது தனிக்கதை, மீனவங்கள ஒரு வார்த்த கேக்காதது தப்புங்கறதுலயும் எனக்கு ரெண்டாவது கருத்து கெடையாது. ஆனா இவ்வளவையும் பக்கத்துல வச்சு பாத்தாதான் விஷயம் புரியுது. அப்பா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "இத ஏம்மா பேப்பர்ல போட மாட்டேங்கறாங்க?"ன்னாரு.

அந்தக் கேள்வியதான் உங்களுக்கு அனுப்புறேன்.

எங்க மொத கிளாஸ்ல சார் ஒண்ணுமே பேசாம பெரிய மேப் ஒண்ண மாட்டிட்டு, மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவுல இருக்குற மலாக்கா ஜலசந்திய விரலால ஒரு தடவ மூடி காட்டி, இப்ப சீனாவுக்கு கச்சா எண்ணெய் எப்படி போகும்னு கேட்டாரு, அவ்ளோதான். ஒரு வல்லரசு மேடையில பேசுறத விட அதுக்கு எங்க பயம், எது இல்லாம முடியாதுன்னு பாக்கணும்னு அந்த ஒரு நாள்ல புரிஞ்சிது. இத பாம்பன்ல எங்க தெரு பசங்களுக்கு சொன்னா அரை மணி நேரத்துல புடிச்சிப்பாங்க, கடலும் காத்தும் தெரிஞ்சவங்க. ஆனா தமிழ்ல எதக் குடுத்து படிக்கச் சொல்றது? இங்க பக்கத்துல பேர் சராய்ங்கற ஏரியா புத்தகக் கடைங்கள்ல வெளியுறவுக் கொள்கைக்கு இந்தியில நோட்ஸ் அடுக்கி வச்சிருக்கான், யுபிஎஸ்சி மெயின்ஸ தமிழ்லயும் எழுதலாம், ஆனா தமிழ்ல ஒண்ணு வேணும்னு கேட்டா கடக்காரர் சிரிக்கிறாரு. எனக்கு நெஜமாவே அழுக வந்துச்சு.

வாரத்துக்கு அரைப்பக்கம் குடுங்க சார். 74, 76 ஒப்பந்தங்கள வரி விடாம தமிழ்ல போடுங்க. இலங்கைக்கு எதிரா அமெரிக்கா ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமை கவுன்சில்ல கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2012லயும் 2013லயும் ஆதரவா ஓட்டு போட்ட இந்தியா 2014ல ஏன் ஒதுங்கி நின்னுச்சுன்னு ரெண்டு தரப்பு நியாயத்தையும் வச்சு எழுதுங்க. மேப்ப ஸ்டாம்ப் சைஸ்ல போடாதீங்க, கண்ணாடி போட்டவங்களுக்கும் தெரியற மாதிரி பெருசா போடுங்க.

அப்பா அடுத்து இலங்கையில இருக்குற அம்பாந்தோட்டை துறைமுகத்த 2017ல எதுக்கு 99 வருஷத்துக்கு சீனா கம்பெனிக்கு குத்தகைக்கு விட்டாங்கன்னு கேட்டு வச்சிருக்காரு, ஞாயித்துக்கெழம சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க பேப்பர்ல வந்தா டீக்கடையில எல்லாருக்கும் சத்தமா வாசிச்சு காட்டுவாரு.

இப்படிக்கு,
பாம்பன் வாசகி,
முனிர்கா, புது டெல்லி