அக்காவுக்கு, இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து

12 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலைன்னு படிச்சதும்தான் நிம்மதி. இங்கே சித்திரை பொறக்கப் போகுது, குளிர் இன்னும் விடலை. ஹீட்டர் போட்டா எனக்குத் தொண்டை காய்ஞ்சிடுது, அதனால ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிறேன்.

நீ கேட்ட 'அடலசன்ஸ்' தொடரைப் பத்தித்தான் போன மாசத்துலேர்ந்து ஊரெல்லாம் பேச்சு. மார்ச் 13-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ்ல வந்துது. 13 வயசுப் பையன், கூடப் படிக்கிற பொண்ணைக் குத்திக் கொன்னுட்டான்னு விடியக்காலையில போலீஸ் கதவை உடைச்சுக்கிட்டு வருது. மொத்தம் நாலு பாகம்; ஒவ்வொண்ணையும் நடுவுல வெட்டாம ஒரே ஷாட்டா எடுத்திருக்காங்க. அதனால பார்க்கிறவங்களுக்கு முகத்தைத் திருப்பிக்க இடமே இல்ல. எடுத்ததும் இந்த யார்க்‌ஷயர் பக்கம்தான். பிரதமர் ஸ்டார்மர் தன் பிள்ளைங்களோட பார்த்தேன்னு சொன்னார். மார்ச் 31-ல அந்தத் தொடரை எழுதினவரைக் கூப்பிட்டுப் பேசினார். உயர்நிலைப் பள்ளியில இலவசமாப் போட்டுக்காட்டவும் ஏற்பாடாயிடுச்சு.

பெத்தவங்களைக் கலங்க அடிச்சது கொலை இல்லக்கா, அந்த வீடு. அப்பா பிளம்பர், குடிக்கிறவரில்ல, அடிக்கிறவரில்ல. பையன் ராத்திரி தன் ரூம்ல இருந்தான், பத்திரமா இருக்கான்னு நம்பினாங்க. கடைசியில அப்பா அவன் கட்டில்ல கரடி பொம்மையைப் படுக்க வச்சு, போர்வையை இழுத்துப் போத்தி மன்னிப்புக் கேட்பார். பக்கத்து வீட்டுக் கிழவி, ரிட்டயர் ஆன டீச்சர், யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசாதவங்க. அவங்களே வேலிப் பக்கம் வந்து அதைச் சொல்லி அழுதாங்க. ஆம்பளப் பிள்ளைங்களையே குத்தம் சொல்லுதுன்னு கோபப்பட்டவங்களும் உண்டு. எனக்கு அப்படிப் படலை.

நீ கவனிக்க வேண்டியது ரெண்டாம் பாகம். செத்துப்போன அந்தப் பொண்ணு, பையனோட இன்ஸ்டாகிராம்ல போட்ட எமோஜியைச் சிநேகம்னு போலீஸ்காரர் நினைச்சுட்டார். அவர் மகன்தான் விளக்குறான்: 100-ங்கிறது 80 சதவீதப் பொண்ணுங்க 20 சதவீத ஆம்பளைங்களைத்தான் விரும்புவாங்கங்கிற பேச்சு, டைனமைட்னா, நீ 'இன்செல்', அதாவது பொண்ணு கிடைக்கலைன்னு பொண்ணுங்களையே வெறுக்கிற கூட்டத்து ஆள், உன்னை எவளும் பார்க்கமாட்டான்னு குத்திக் காட்டுறது.

சரவணனுக்கு ஃபோன் கொடுத்தாச்சுன்னு எழுதியிருக்கே. இன்ஸ்டாகிராம்ல நிஜமான பிறந்த வருஷத்தையே போடச் சொல்லு. அப்பத்தான் சின்ன வயசுக்கான கட்டுப்பாடு வரும். வயசைக் கூட்டிப் போட்டா அதெல்லாம் போயிடும். எதை நிறுத்திப் பார்க்கிறானோ அதே மாதிரிதான் அடுத்தடுத்து வரும். உடம்பு தேத்துற வீடியோ பார்க்கப் போய், பொண்ணுங்களைத் திட்டுற பேச்சுல மாட்டிக்கிறதும் உண்டு. யூடியூப்ல பார்த்த பட்டியலை வாரம் ஒரு தடவை அவனையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாரு, வேண்டாததை அழிச்சிடு. ராத்திரி சார்ஜ் கூடத்துலதான். ஃபோனைப் பிடுங்காதே, பிடுங்கினா அடுத்த தடவை மறைப்பான். இந்த எமோஜிக்கு என்னடா அர்த்தம்னு அவன்கிட்டயே கேளு, அத்தானும் கூட உட்காரட்டும்.

நாளன்னைக்கு வருஷப் பொறப்பு. மாங்காய் கடையில கிடைக்குது, வேப்பம்பூ எங்க போறது? அம்மா பச்சடி கிண்டுற வாசனை, கூடத்துல நீங்க எல்லாரும் வரிசையா உட்கார்ந்திருக்கிறது... ஞாயித்துக்கிழமை இங்கே ரொம்ப நீளமா இருக்குக்கா.

அம்மாகிட்ட இதைச் சொல்லாதே. இந்த மாசப் பணம் பேங்க்ல கொஞ்சம் தாமதமாகும், 20-ஆம் தேதிக்கு மேல வரும். அதுவரைக்கும் சொசைட்டி நகைக் கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி மாத்தி வைக்கச் சொல்லு அத்தானை. கிழக்கு மனை விஷயமா சித்தப்பா கையெழுத்துக் கேட்டா, பட்டா நகலை எனக்கு அனுப்பாம யாரும் போட வேண்டாம்.

உன் தம்பி,
முருகேசன்