ராத்திரி வலியைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு

மேலூர்ப் பக்கத்து எங்கள் தெரு மக்களுக்கும், மதுரையில் என் மகனைப் பார்த்த டாக்டர்களுக்கும் வணக்கம்.

எட்டு மாதம் என் மகன் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்தான். வயது 16. கபடி ஆடுகிற பையன், அதனால் எல்லாரும் சுளுக்கு என்றார்கள். கட்டுப் போட்டோம், எண்ணெய் போட்டு நீவினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் மூட்டுவாதம் என்றார்கள். இன்னோரிடத்தில் ஒருவர், "பள்ளிக்கூடம் போகப் பிடிக்காம நடிக்கிறானா?" என்று கேட்டார். அப்போது அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அத்தை, வலி பகலைவிட நள்ளிரவுக்கு மேல்தான் கூடுகிறது என்று கூடவே விழித்திருந்து கவனித்தது நீங்கள்தான். மெடிக்கல் கடைத் தம்பி, "அக்கா, இந்த மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல நின்னுருதுங்கிறீங்க. எட்டு மாசமா சுளுக்கு இப்படியா இருக்கும்? இதை அப்படியே பெரிய டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

டாக்டரம்மா, அந்த இரண்டையும் கேட்டதுமே நீங்கள் சி.டி. ஸ்கேனுக்கு எழுதினீர்கள். கணுக்கால் மூட்டிலிருக்கும் டேலஸ் எலும்பின் கழுத்தில் 7 மி.மீ. கரும்புள்ளி, நடுவில் வெள்ளைப் பொட்டு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்கிற சின்ன எலும்புக் கட்டி. புற்றுநோய் இல்லை, பரவாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும்தான் இது அதிகம் வருமாம். மூட்டுக்குள் வந்தால் வாதம் போலவே வீங்கி ஏமாற்றுமாம். வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கட்டியே சுரக்கிறது, அதை அடக்குகிற மாத்திரை என்பதால்தான் வலி நின்றது என்று பொறுமையாக விளக்கினீர்கள். 1935-லேயே ஜாஃபே என்ற மருத்துவர் விவரித்த நோய். எங்கள் வீட்டுக்கு அதன் பெயர் வந்து சேர எட்டு மாதம் ஆனது.

ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, பக்கத்துக் குருத்தெலும்பில் சூடு படாமல், 90 டிகிரியில் ஆறு நிமிடம் கட்டியைச் சுட்ட குழுவுக்கும், மயக்க மருந்து டாக்டருக்கும் கைகூப்பி நன்றி. துணுக்கு எடுத்துப் பார்த்த பரிசோதனையிலும் அதே நோய்தான் என்று வந்தது.

அப்புறம், அன்று சாயங்காலம் வரை வராந்தாவில் நின்ற பி.டி. சார், ஒவ்வொரு தடவையும் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட வேன்காரர் அண்ணன், பையைச் சுமந்த அவன் கூட்டாளிகள், உங்களையெல்லாம் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அவன் விடியும்வரை தூங்கினான். அத்தைதான் பழக்கத்தில் இரண்டு மணிக்கு எழுந்து, அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார்.

இப்படிக்கு,
அவன் அம்மா