இரண்டு டிபிசி

நீடாமங்கலம் பக்கம்,
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் போட முடியவில்லை. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு நான்கு நாள் காவல் கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெயில் அடித்தால் பரப்புவது, மேகம் கறுத்தால் குவித்துத் தார்ப்பாய் போடுவது என்று நானும் தம்பியும் மாறி மாறி நின்றோம். நேற்று சாயங்காலம்தான் கடைசிச் சிப்பத்தை எடை போட்டார்கள். அப்பா இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

பாப்பாவின் லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். திடீர் திடீரென்று நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது, கடையில் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து இப்போது மாற்றாதே. மானிட்டர், கீபோர்டு, நெட் எல்லாம் ஒரே ஒயரில் போகிற மாதிரி மேஜையில் ஒரு டாக் வைத்திருக்கிறாள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதே தொல்லையில் நான் இரண்டு மாதம் அல்லாடினேன்.

எனக்கு ஆடியில் ஆரம்பித்தது. வேலை பார்த்துக்கொண்டே இருப்பேன், மவுஸ் அப்படியே உறைந்துவிடும், பத்து விநாடி கழித்து நீலத் திரை, அப்புறம் தானாக ரீஸ்டார்ட். சில நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மூடியிருந்த லேப்டாப்பைத் திறந்தால், தூக்கத்திலிருந்து எழுவதற்குப் பதில் முதலிலிருந்து பூட் ஆகும். திறந்து வைத்த கணக்கு ஷீட்டெல்லாம் போயிருக்கும். மாதக் கடைசியில் ஒரே நாளில் மூன்று முறை இப்படி ஆனது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் கரண்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். நம் ஊரில் வேறு எதைச் சந்தேகப்படுவது? விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு பதிவு. பவர் என்று இருக்கிறதே என்று எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கொல்லையில் புதிதாகக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் எடுத்தோம். வீட்டுக்கு நல்லதுதான், ஆனால் லேப்டாப்புக்கு ஒரு மாற்றமும் இல்லை. அந்த 41 என்ற எண்ணுக்கு அர்த்தமே வேறு, மாப்ளே. சரியாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் விழுந்தது என்று சொல்லாது. பாப்பாவும் அதைப் பார்த்து யுபிஎஸ் வாங்கப் போய்விடக் கூடாது.

அடுத்து ரேம். ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டேன், ஒரு பிழையும் வரவில்லை. ஆபீஸில் சொன்னேன், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம்கூட தாங்கவில்லை. டாக்கைச் செருகியதும் விண்டோஸ் அதே பழைய டிரைவரை, அதாவது டாக்கை இயக்குகிற மென்பொருளை, தானாகவே இறக்கிப் போட்டுக்கொண்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

துப்பு கிடைத்தது ஒரு சனிக்கிழமை. விடுமுறை நாளில் நான் லேப்டாப்பை டாக்கிலிருந்து கழற்றித் திண்ணைக்கு எடுத்து வந்து வைஃபையில் வேலை பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பெரிய காற்று, கரண்ட் ஏழெட்டு முறை போய் வந்தது. லேப்டாப் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: உள்ளேயே பேட்டரி இருக்கிற பொருள் கரண்ட் போனால் ஏன் சாக வேண்டும்? சனி ஞாயிறில் இதுவரை ஒரு தடவையாவது விழுந்திருக்கிறதா என்று யோசித்தேன். இல்லவே இல்லை. கரண்ட் போனால் சாகிறது டாக். இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் டாக் ஒரு தடவை அணைந்து எரிகிறது. அதோடு சேர்ந்து அதன் உள்ளே இருக்கிற நெட்வொர்க் சிப்பும் காணாமல் போய்த் திரும்பி வருகிறது.

இது பலருக்குத் தெரியாத விஷயம். டாக்கின் பின்னால் லேன் ஒயர் செருகுகிறோமே, அது நேராக லேப்டாப்புக்குப் போவதில்லை. பெரும்பாலான டாக்குகளில் உள்ளே ஒரு யூஎஸ்பி நெட்வொர்க் சிப் இருக்கிறது. அதற்குத் தனி டிரைவர். அந்த டிரைவர் ஓடுவது கெர்னல் என்கிற விண்டோஸின் மையப் பகுதிக்கு உள்ளேயே. பிரவுசர் தப்பு செய்தால் பிரவுசர் மட்டும் மூடும்; கெர்னலுக்குள் இருப்பது தப்பு செய்தால் மொத்த வீடும் விழும். நெட் நன்றாகத்தானே வருகிறது என்று நான் லேன் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

சந்தேகம் வந்த பிறகு ஒழுங்காகத் தேடினேன். ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்ற டிக்கை எடுத்துவிட்டேன். அடுத்த முறை நீலத் திரை அப்படியே நின்றது, செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். ‘டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்’ என்று இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் திகைப்பு. நமக்கு டிபிசி என்றால் நெல் கொள்முதல் நிலையம்தானே! விண்டோஸில் அது ‘டிஃபர்டு புரொசீஜர் கால்’. நெட்வொர்க் சிப், கீபோர்டு மாதிரி ஒரு சாதனம் ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று குரல் கொடுத்தால், விண்டோஸ் அப்போதைக்கு அவசரமானதை மட்டும் பார்த்துவிட்டு மீதியை இந்த வரிசையில் போடுகிறது. வரிசையில் இருக்கிற ஒவ்வொன்றும் 100 மைக்ரோ செகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிற கணக்கு.

இந்த நான்கு நாள் வாசலில் நின்றபோது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எடை மெஷின் ஒன்றுதான். முன்னால் இருக்கிற ஒரு லோடு மெஷினை விட்டு நகரவில்லை என்றால், பின்னால் காய்ந்த நெல்லோடு நிற்கிறவனும் அப்படியே நிற்க வேண்டியதுதான். மவுஸ் உறைந்தது அதனால்தான். மவுஸில் கோளாறு இல்லை, அதன் முறை வரவில்லை. ரொம்ப நேரம் வரிசை நகராமல் போனால், காவல் இருக்கிற வாட்ச்டாக் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது.

மூடித் திறக்கும்போது வந்த திரை மட்டும் வேறு: ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’. தூங்கப் போ, எழுந்திரு என்று விண்டோஸ் சொன்னதற்கு ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் வருவது. பெயர் இரண்டு என்பதால் கோளாறும் இரண்டு என்று நினைத்திருந்தேன். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு தடவை விழும்போதும், அந்த நேரத்து நிலையைப் பதிந்த டம்ப் கோப்பு ஒன்று அங்கே சேரும். அதைப் படிக்கிற மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபக் என்ற கருவி இலவசம்தான், அதில் திறந்து பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் கெர்னலின் பெயரையே குற்றவாளி என்று காட்டியது. கீழே இறங்கி, விழும்போது எது எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கை வரி வரியாகப் படித்தேன். இரண்டு வகை டம்ப்பிலும் ஒரே பெயர்: டாக்கின் நெட்வொர்க் டிரைவர்.

ஆனாலும் உடனே எதையும் மாற்றவில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த லேன் அடாப்டரை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு, மானிட்டரும் கீபோர்டும் டாக்கிலேயே இருக்க, பத்து நாள் வைஃபையில் ஓட்டினேன். ஒரு முறைகூட விழவில்லை. பாப்பாவையும் முதலில் இதைச் செய்யச் சொல். பைசா செலவில்லை, ஒரு மதர்போர்டின் விலை மிச்சம். இப்படி வைத்தும் விழுந்தால் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம்.

விழவில்லை என்றால் பழைய டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யட்டும். அப்போது டிரைவர் கோப்பையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு டிக் வரும், அதைப் போட வேண்டும். போடாவிட்டால் பழையதே திரும்ப வந்து உட்காரும். பிறகு டாக் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து அவள் மாடலுக்கு உரிய புது டிரைவர். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் இதற்கெல்லாம் அவர்கள் அனுமதி தேவைப்படும். டம்ப் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் சீக்கிரம் கேட்பார்கள். டாக்குக்கு ஃபர்ம்வேர் (டாக்குக்கு உள்ளேயே இருக்கிற மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடலாம், ஆனால் மழை நாளில் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் டாக்கே எழாமல் போகலாம். நான் வானம் வெளுத்த ஒரு காலையில்தான் தொட்டேன். அது முடிந்து ஏழு வாரம் ஆகிறது, ஒரு நீலத் திரைகூட இல்லை.

இங்கே தாளடிக்கு நாற்று தயார். மூணாறு தலைப்பில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. கும்பகோணத்தில் காலேஜ் பாலத்தில் நின்று பார்ப்போமே, அதே நிறம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா.

பாப்பாவிடம் அந்த மினிடம்ப் ஃபோல்டரை அப்படியே எனக்கு அனுப்பச் சொல். நானே திறந்து பார்த்துச் சொல்கிறேன். இந்த வாரம் நடவு இருக்கிறது, பகலில் வயலில் இருப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

அன்புடன்,
உன் மாப்ள