ஆறு டாலர் தவணை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் பொங்கல் வாழ்த்துக்கு ஆடி மாதம் வரை பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், தவறு என்னுடையது. வீட்டில் அனைவரும் நலம்.

இங்கே அமெரிக்காவில் ஒரு சட்ட உதவி அலுவலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் சென்று, சிறைகளிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துப் பிரித்துத் தருகிறேன். அவற்றில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பல்வலிக்குப் பல மாதங்களாகச் சிகிச்சை கிடைக்காத கைதி ஒருவர் சிறை நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்க விரும்புகிறார். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குக்கான கட்டணம் 405 டாலர். வெளியில் இருக்கும் ஏழை, நம் ஊர் பாப்பர் ஓ.பி. (ஏழை என்பதால் கட்டணமின்றி வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கும் மனு) போல ஒரு மனுக் கொடுத்து, நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் அவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கைதிக்கோ, கைதிகள் தொடுக்கும் வழக்குகள் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 55 டாலர் நிர்வாகக் கட்டணம் மட்டுமே நீங்குகிறது. மீதி 350 டாலரைத் தவணையாகவேனும் முழுவதும் கட்டியாக வேண்டும்.

அந்தக் கைதியின் தாய் மாதம் 30 டாலர் அனுப்புகிறார். வேறு வருமானம் இல்லை. அவருடைய சிறைக் கணக்கின் முந்தைய ஆறு மாத வரவு அல்லது இருப்பின் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் தவணை. பிறகு, கணக்கில் பத்து டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், முந்தைய மாத வரவில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது மாதம் ஆறு டாலர், ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக! வழக்கு முதல் வாரமே தள்ளுபடியானாலும் பிடித்தம் நிற்காது. இரண்டு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறிவிட்டது. கையில் ஒன்றுமே இல்லாதவரின் வழக்கைத் தடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் கடன் அவர் பெயரில் நிற்கும்.

அற்ப வழக்குகளைக் குறைப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம் என்றார்கள். வேர்க்கடலை வெண்ணெய் மாறி வந்ததற்காக ஒரு கைதி வழக்குப் போட்டார் என்ற கதை அப்போது பெரிதும் பேசப்பட்டது. ஜான் நியூமன் என்ற நீதிபதி அந்த வழக்குக் கட்டைத் தேடி எடுத்துப் படித்தார். மாறி வந்த புட்டியை அந்தக் கைதி திருப்பிக் கொடுத்திருக்கிறார்; சரியான புட்டி வந்து சேருமுன் வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருக்கிறார்; அவர் கணக்கிலிருந்து இரண்டரை டாலர் போய்விட்டது. காசில்லாதவனுக்கு இரண்டரை டாலர் எப்படி அற்பமாகும்? நம் நாட்டில் காவலில் இருப்பவர் என்ற ஒன்றே இலவசச் சட்ட உதவிக்குப் போதுமான தகுதி என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்வதை நினைத்துப் பார்க்கிறேன். நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும்.

"அம்மாவின் பணத்திலிருந்தா பிடிப்பார்கள்?" என்று அந்தப் பல்வலிக் கைதி கேட்டிருக்கிறார். ஆம் என்று எழுதினேன். இரண்டு மாதங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டாராம். ஆறு மாதச் சராசரி என்பதால் அதனால் பெரிய பயன் இல்லை என்பதையும் அடுத்த சனிக்கிழமை நான் எழுத வேண்டும். அதை எந்தச் சொற்களில் எழுதுவது என்று தெரியவில்லை. உனக்குத் தோன்றுவதை உடனே எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்