உயர்தர இரசாயனவியல்: செய்முறைக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும்போதெல்லாம் இரசாயனவியலில் பிள்ளைகள் ஏன் சறுக்குகிறார்கள் என்ற பேச்சு எழும். 'பாடம் கடினம்' என்று முடியும். வன்னியில் இப்பாடத்தைக் கற்பிக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. படித்ததைக் கண்ணால் காணாமலே பரீட்சைக்குப் போகிறார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்துக்கு 50 பல்தேர்வு வினாக்கள், கணிப்பானும் கிடையாது. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். செய்முறைப் பரீட்சையே இல்லை. ஆனால் வீழ்படிவின் நிறம் என்ன, முடிவுப் புள்ளியில் என்ன மாற்றம் என்று எழுத்தில் கேட்பார்கள். பிள்ளைகளும் ரியூட்டறிக் குறிப்பைப் பாடமாக்கி எழுதிவிடுவார்கள்.

சென்ற தவணை, சூடாக்கிய ஒட்சாலிக்கமிலக் கரைசலை, ஊதா நிறப் பொற்றாசியம் பரமங்கனேற்றைத் துளித்துளியாகச் சேர்த்து நியமிக்க, அதாவது செறிவை அளக்க, வைத்தேன். முதல் துளிகளின் நிறம் இலேசில் போகவில்லை. "பிழைச்சுப் போச்சு ரீச்சர்" என்றாள் ஒருத்தி. பொறுக்கச் சொன்னேன். சற்றைக்கெல்லாம் துளி விழ விழ நிறம் மறையத் தொடங்கியது. உண்டாகும் மங்கனீசு(II) அயனே தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கியாகிறது என்று அவளே காரணமும் சொன்னாள். குறிப்பில் பல தரம் எழுதியதுதான், அன்றைக்குத்தான் பிடிபட்டது. கடும் ஊதாக் கரைசலில் பிறையுருவின் (திரவ மட்டத்தின் வளைவின்) அடி சரியாகத் தெரியாது, மேல் விளிம்பைத்தான் வாசிக்க வேண்டும் என்பதும் துளித்துளியாக விடும் அளவியின் முன்னால் நின்றால்தானே மனதில் பதியும்?

அதற்காக நாளைக்கே நாடு முழுக்கச் செய்முறைப் பரீட்சை வையுங்கள் என்று கேட்கமாட்டேன். வசதியுள்ள நகரப் பாடசாலைகளுக்கே அது வாய்க்கும். அடிபடுவது எங்கள் பிள்ளைகள். வலயத்துக்கு ஓர் ஆய்வுகூடத்தையாவது சனிக்கிழமைகளில் திறந்து, உதவியாளர் ஒருவரை நியமியுங்கள். எங்கள் பாடசாலையில் அந்தப் பதவி வெற்றிடமாகவே கிடக்கிறது. குடுவைகளை நானும் பிள்ளைகளும் கழுவுகிறோம். கழுவுவதில் ஒன்றும் குறையில்லை, அதற்குள் அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிடுகிறது.

தொடங்குவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். அளவி, திரவத்தை அளந்தெடுக்கும் குழாயி, ஐதான சல்பூரிக்கமிலம், கொஞ்சம் பரமங்கனேற்று போதும். பெற்றோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரியூசன் தவறினால் குடி முழுகிப் போகாது.

இரசாயனவியல் ஆசிரியை,
கிளிநொச்சி.